அக்காவின் தகப்பனார் பள்ளிக்கூடம் போன நாள்

பார்க்டேலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் ஏழாம் மாடி நடையில் பழுப்பு நிறக் கம்பளம் ஒன்று போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கம்பளத்தில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, ஏழு வயது மகளின் தலையை மடிக்குள் அமுக்கிப் பிடித்தபடி இருந்தேன். அகதி வழக்குக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழ், கணவரின் படம் எல்லாம் அடங்கிய துணிப்பை என் கக்கத்தில் இருந்தது. வெளியே போர் விமானங்கள் கட்டடத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தன. வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜன்னல் என்பதால் நடைக்கு ஓடி வந்திருந்தோம். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, பள்ளிக்கூடங்கள் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. ரொறொன்ரோவுக்கு நாங்கள் வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. உயரமான ஒரு பெண், கையில் ஒரு சட்டி நிறையப் பயற்றங்காய் போன்ற பச்சைக் காய்களோடு நின்றார். எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. அப்போது சிரித்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுத வேண்டி வந்திராது. வந்து எனக்குப் பக்கத்தில் கம்பளத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். "உது விளையாட்டு. ஏரிக்கரையிலை சனத்துக்கு வேடிக்கை காட்டுறாங்கள். ஒவ்வொரு வருசமும் உப்பிடித்தான்," என்றார். பயப்பட ஒன்றுமில்லை, எழும்பி உள்ளே போ என்று சொல்லவில்லை. ஒரு கைப்பிடி காயை என் மடியில் போட்டார். விமானங்கள் ஓயும்வரை ஒரு மணித்தியாலம் நாங்கள் இருவரும் அங்கேயே இருந்து காய் முறித்தோம்.

அவர் பேசியது ஆங்கிலம். என் ஆங்கிலம் அந்த நாளில் பேக்கரிக்குப் போய் வர மட்டும் காணும். ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குள்ளே எங்கள் ஊர்ப் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்ப நான் உன்னை அதட்டலாம், என்ன?" என்றார். அதட்டவும் செய்தார். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சிரித்தால் லிஃப்ட்டுக்குள் நிற்பவர்களுக்கும் கேட்கும். என் மகளின் வயதில் அவருக்கும் ஒரு மகள்.

அக்கா கனடாவின் பூர்வகுடிகளில் ஒஜிப்வே இனத்தவர். ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஒரு பகலும் ஒரு இரவும் பஸ் ஓடும் தூரத்தில் அவருடைய ஊர். நான் பாடப்புத்தகத்தில் படித்த 'செவ்விந்தியர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டுக்கு உரிமைக்காரி ஒருத்தியும், உரிமை கேட்டு வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியும் ஒரே கட்டடத்தில், ஒரே கரப்பான் பூச்சிகளோடு ஏன் குடியிருக்கிறோம் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்களுக்குள் ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம். எனக்குப் பேக்கரியில் விடியற்காலை வேலை. ஆகவே காலையில் இரண்டு பிள்ளைகளையும் அக்கா பள்ளிக்கூடம் கூட்டிப்போவார். மூன்றரைக்கு நான் கூட்டிவந்து, அவர் வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும்வரை வைத்திருப்பேன். காலையில் இரண்டு பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிடுவதும் அக்காதான். அவர் மகளின் முடி பிறந்ததிலிருந்து கத்தரி படாதது. ஒற்றைப் பின்னல் இடுப்பைத் தொடும். பின்னும்போது தன் மொழியில் ஏதோ சொல்லுவார். அந்த மொழியில் அவருக்குத் தெரிந்ததே இருபது முப்பது சொற்கள்தான் என்று பிறகு அறிந்தேன். அக்காவின் முடியோ காதளவு. ஏன் வளர்ப்பதில்லை என்று கேட்டதற்கு, "எனக்கு வளராது. என்ரை தலைக்குப் பழகிப்போச்சு," என்று சிரித்தார்.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது தகப்பனார் எங்கே படித்தவர் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தார் யாரைச் சந்தித்தாலும் இரண்டாவதாகக் கேட்கும் கேள்வி அதுதானே. பாதிரிமார் நடத்திய போர்டிங்கில், ஆறு வயதிலிருந்து பத்து வருடம் என்றார் அக்கா. நான் கதிரையில் நிமிர்ந்துவிட்டேன். என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டே இரண்டு வருடம் போர்டிங்கில் இருந்ததை, கலியாண வீடு, செத்த வீடு என்று பாராமல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். "பத்து வருசம் போர்டிங்கோ! குடுத்து வைச்சவர். அப்ப இங்கிலீசு வெளுத்து வாங்குவார், என்ன?" என்றேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "ஓம், நல்லாக் கதைப்பார். வேறை ஒரு பாஷையும் அவருக்கு மிச்சம் விடேல்லை," என்றார். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் பேக்கரியில் கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்களிடம், எங்கள் எதிர்வீட்டார் நல்ல படித்த குடும்பம் என்று பெருமையடித்தேன்.

செப்டெம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு பிள்ளைகளின் பைக்குள்ளும் ஒவ்வொன்று. வகுப்பில் பேன் இருக்கிறது, தலையைப் பார்த்துச் சுத்தம் செய்து அனுப்பவும் என்பதுதான் விஷயம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்த பொதுக் கடிதம். இன்று யாராவது அதை என் கையில் தந்தால் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவேன். ஆனால் அன்று, அரசாங்க முத்திரையைப் போன்ற ஒன்று தலைப்பில் இருந்த அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. வழக்கு விசாரணைக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வழக்குச் சரிவந்தால்தான் கொழும்பில் நிற்கும் கணவரைக் கூப்பிடலாம். பிள்ளையை ஊத்தையாக வைத்திருக்கிறாள் என்று எங்கேயாவது ஒரு கோப்பில் எழுதிவிட்டால்? மகள் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'கட்டாயம்' என்று ஒரு சொல் வந்தது. எனக்கு அது போதும்.

எங்கள் வீட்டில் பேனுக்கு ஒரே வைத்தியம். என் தாயார் எனக்கும் என் தங்கைமாருக்கும் செய்ததுதான். கிணற்றடிக்குப் பதிலாகக் குளியல் தொட்டி, அவ்வளவே வித்தியாசம். என் மகளின் முடியை முதலில் காதோடு வெட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழும்பிப் போனாள். பிறகு அக்காவின் மகளைக் கூப்பிட்டேன். அவள் பின்னலை இரண்டு கையாலும் முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "அம்மா வரட்டும்," என்றாள். "அம்மா களைச்சு வருவா, பிள்ளை. அவவுக்கு ஏன் இந்த அலுவலையும் வைப்பான்?" என்று சொல்லி அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நல்ல தடித்த பின்னல். கத்தரி இரண்டு மூன்று தரம் வழுக்கியது. வெட்டிய முடியை எல்லாம் தமிழ்க் கடையில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகையில் சுற்றி, நடையில் உள்ள குப்பைக் குழாய்க்குள் போட்டேன். தலை முழுக வார்த்து, பேன் சீப்பால் இழுத்து, இருவருக்கும் புட்டு அவித்துக் கொடுத்தேன். அன்று பின்னேரம் நான் மிகத் திருப்தியாக இருந்தேன்.

ஆறு மணிக்கு அக்கா வந்தார். வாசலில் நின்றபடி மகளைப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு எங்கேயோ போய்விட்டது. நான் கடிதத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "பின்னல் எங்கை?" என்றார். குப்பைக் குழாய் என்று சொன்னதும் திரும்பி ஓடினார். லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் ஏழு மாடிப் படியையும் இறங்கினார். பின்னால் நானும் ஓடினேன். அடித்தளத்தில் குப்பை அறை. பன்னிரண்டு மாடியின் கழிவும் வந்து விழும் பெரிய இரும்புத் தொட்டி. அக்கா வேலை உடுப்போடு அதற்குள் ஏறினார். ஏன் என்று தெரியாமலே நானும் ஏறினேன். முட்டைக்கோது, தேத்தண்ணித் தூள், குழந்தைகளின் அணையாடை எல்லாவற்றையும் கையால் கிளறினோம். தமிழ் எழுத்துத் தெரிந்த ஒரு பொட்டலத்தை நான்தான் கண்டேன். அக்கா அதை வாங்கிப் பிரித்து, பின்னலை மட்டும் எடுத்துத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று நாள் அந்தக் கதவு எனக்குத் திறக்கவில்லை. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காக நான் பேக்கரியில் கெஞ்சி நேரம் மாற்றினேன். அக்காவின் மகள் பள்ளிக்கூடம் வரவில்லை என்று என் மகள் சொன்னாள். போகமாட்டேன் என்று கட்டிலுக்குக் கீழே ஒளித்துக்கொண்டாளாம். அக்கா லீவு போட்டுவிட்டு அவளோடு வீட்டில் இருந்தார். ஒரு முடி வெட்டியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, வளராதா என்ன என்று எனக்குக் கோபமும் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் மாறி மாறிச் செய்தேன்.

நாலாம் நாள் பின்னேரம் அக்கா தட்டினார். உள்ளே வந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நான் எடுத்து வைத்திருந்த துணிப்பையை நெடுநேரம் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது விசாரிக்க வந்தால் காட்டுவதற்கென்று அன்று வெளியே எடுத்த பை. அதற்கு மேலே, 'கட்டாயம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடிட்ட கடிதம்.

"நீ என்னத்துக்குப் பயந்தனி?" என்றார்.

"பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்டு," என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது, நான் பயந்தது கோப்புக்கு அல்ல என்று.

அக்கா கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார். அவருடைய தகப்பனாரை ஆறு வயதில் அந்தப் போர்டிங்குக்குக் கொண்டுபோனார்கள். தாய்தகப்பனின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. கொடுக்க மறுத்தவர்களைச் சிறைக்கு அனுப்புவோம் என்றார்கள். போன முதல் நாளே நீண்ட பின்னலை வெட்டி எறிந்தார்கள். அவர்களுடைய வழக்கத்தில் சாவு வீட்டில்தான் முடியை வெட்டுவது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள், யார் என்று சொல்கிறார்கள் இல்லை என்றுதான் தோன்றியிருக்கிறது. தன் மொழியில் பேசினால் அடி. பதினாறு வயதில் திரும்பி வந்தபோது தாயோடு பேச அவருக்கு மொழி இல்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடப் படியையும் அவர் மிதிக்கவில்லை. அக்காவும் தமக்கையும் படித்த பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஒருநாளும் வந்து எட்டிப் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலையும் எங்களைக் குசினியிலை இருத்தி, எங்கடை முடியை ஒட்ட வெட்டுவார். ஒரு கதை கதைக்கமாட்டார். நாங்கள் அழுதாலும் நிப்பாட்டமாட்டார். அப்பாவுக்கு எங்களைப் பிடிக்காது எண்டுதான் நினைச்சனாங்கள். பதினேழு வயசிலை வீட்டை விட்டு வந்தனான். என்ரை பிள்ளையின்ரை தலையிலை ஒருத்தனும் கை வைக்கக்கூடாது எண்டு அவள் வயித்திலை இருக்கேக்கையே நினைச்சனான். ஏழு வருசம். நீ பத்து நிமிசத்திலை முடிச்சிட்டாய்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அக்கா என்னைத் திட்டுவதற்கு வரவில்லை.

"அந்தப் பையைப் பாத்தனான். இப்பதான் விளங்குது. அவங்கள் வெட்ட முதல் தான் வெட்டிப்போடவேணும் எண்டு அந்த மனுசன் நினைச்சிருக்கு. நீயும் அதைத்தான் செய்திருக்கிறாய். உன்ரை மூஞ்சையைப் பாத்துத்தான் நான் என்ரை அப்பாவைக் கண்டுபிடிக்கவேண்டிக் கிடந்திருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார், அழுதார். நான் போர்டிங்கைப் பற்றிக் கேட்டது அப்போது ஞாபகம் வந்து, எங்கே போய் முகத்தை வைப்பதென்று தெரியாமல் தேத்தண்ணி போட எழும்பினேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது அக்கா பின்னால் நின்று கேட்டார்: "பிளேன் சத்தத்துக்கு ஏன் ஓடுறனீங்கள் எண்டு உன்ரை மகளுக்குச் சொன்னனியோ?" இல்லை, சின்னப் பிள்ளைக்கு அதெல்லாம் ஏன் என்றேன். "எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார்.

என் மகளுக்கு இரண்டு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். விமானக் குண்டுக்குத் தப்பப் பங்கர்க் குழிக்குள் இருந்த நாட்கள் அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் விமானச் சத்தம் கேட்டால் என்னிலும் முதலில் மேசைக்குக் கீழே போவாள். யார் பழக்கினார்கள்? நான்தான், வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல்.

அந்தக் கிழமையே அக்கா தகப்பனாருக்குப் போன் எடுத்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கிடையில் மகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது ஒன்பது நாளாகிவிட்டது. வரவின்மை பற்றி ஒரு கடிதம் வந்தது. இந்த முறை அது பொதுக் கடிதம் அல்ல. அக்கா அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வாசல் கதவைப் பூட்டியதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தார். அவருடைய தமக்கையின் இரண்டு பிள்ளைகளை, கவனிப்புக் காணாது என்று சொல்லி, சிறுவர் நலன் அலுவலர்கள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து கொண்டுபோயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. என் பயம் ஊரிலிருந்து கொண்டுவந்த பயம். அக்காவின் பயத்துக்கு இந்த நகரத்திலேயே முகவரி இருந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடவும் அவருக்கு மனம் வரவில்லை. இழுத்துக்கொண்டு போன கதை அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

ஒக்டோபரில் நன்றி நவிலும் நாளுக்கு மூன்று நாள் விடுமுறை வரும். அந்தச் சனிக்கிழமை தகப்பனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். சிறிய மனிதர். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். காலணி கண்ணாடி மாதிரி மின்னியது. போர்டிங் பழக்கம் என்று அக்கா பிறகு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழிக் குழம்பில் மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்தேன். அவர் தட்டைத் துடைத்து வைத்ததுபோலச் சாப்பிட்டார். பேத்தி அவருக்கு எதிரே, தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. எழும்பி நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, நான்தான் வெட்டினனான். பயத்திலை வெட்டிப்போட்டன்."

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு ஏன் எண்டு சொன்னனியோ?"

"இல்லை, ஐயா."

"நானும் சொல்லேல்லை," என்றார்.

பிறகு கதிரையை அக்காவின் பக்கம் திருப்பினார். மேசையில் எலும்பும் சோறும் கிடந்தன, ஒருவரும் கை கழுவவில்லை. அவர் ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வெட்டிய நாளைச் சொன்னார். தலைமுடி விழுந்த நிலம் எந்த நிறம் என்று சொன்னார். பேன் இருக்கிறது என்று சொல்லித்தான் அங்கே வெட்டினார்களாம், தனக்குப் பேன் இருக்கவில்லை என்றார். அறுபது வருடத்துக்குப் பிறகும் அதை ஒரு முறைப்பாடு போல, நியாயம் கேட்பது போலச் சொன்னார். கடைசியில், "உங்கடை முடியை அவங்கள் தொடக்கூடாது எண்டு நினைச்சன். வேறை வழி எனக்குத் தெரியேல்லை," என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குழம்பு காய்ந்த கைகள். சின்னவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். தங்கள் வீட்டுக்கு ஓடிப்போய், துணியில் சுற்றி வைத்திருந்த தன் பின்னலைக் கொண்டுவந்து தாத்தாவின் மடியில் போட்டாள். ஊருக்குக் கொண்டுபோய்ச் செய்யவேண்டிய முறைப்படி செய்கிறேன் என்று அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை காலை நான் என் மகளை ஜன்னலடியில் இருத்தி, மேசைக்குக் கீழே நாங்கள் ஏன் போகிறோம் என்று சொன்னேன். பங்கர் எப்படி இருந்தது, அவளுக்கு அதற்குள் யார் பால் கரைத்துக் கொடுத்தது, யார் திரும்பி வரவில்லை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஓகே அம்மா. ஐ தோட் நான்தான் ஏதோ பிழை எண்டு," என்றாள்.

அவளுக்கு இப்போது நாற்பது ஆகப்போகிறது. மார்க்கம் நகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பூர்வகுடி மக்களின் உறைவிடப் பள்ளிகளைப் பற்றி இப்போது செய்தியில் வரும்போதெல்லாம் எனக்குப் போன் எடுப்பாள். தலைமுறை தாண்டும் மனக்காயம் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். நல்ல பெயர்தான், படித்தவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அழுகை வருவதில்லை. சொல்லப்போனால் நெஞ்சு நிமிர்கிறது. காயம் எப்படி இறங்கி வந்தது என்பதை மட்டும் நான் கண்டிருந்தால் அழுதிருப்பேன். அது எந்த இடத்தில் மறிக்கப்பட்டது என்பதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அக்கா பிறகு தன் மொழியை இரவு வகுப்பில் படித்தார். சின்னவளின் முடி மறுபடி இடுப்புவரை வளர்ந்தது. அக்காவே ஐம்பது வயதில் முடி வளர்க்கத் தொடங்கினார், வளராது என்று சொன்ன அதே தலையில்.

அந்த ஒக்டோபர் விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடம் திறந்தது. நாங்கள் எல்லோரும் நடந்து போனோம். சின்னவள் வாசல்வரை வருவேன், உள்ளே போகமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். கம்பி வேலியடியில் வந்ததும் நின்றுவிட்டாள். மணி அடித்தது. என் மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனாள். வரவின்மைக் கடிதம் அக்காவின் பைக்குள் இருந்தது எனக்குத் தெரியும். இன்றும் போகாவிட்டால் யார் வருவார்கள் என்பதும் இருவருக்கும் தெரியும்.

தகப்பனார் வேலிக்கு அப்பால் இருந்த அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியில் வியர்வை. ஒக்டோபர் குளிரில் வியர்வை. பிறகு குனிந்து பேத்தியிடம் கேட்டார்: "எனக்கு உதுக்குள்ளை போகப் பயமாக் கிடக்கு. நீ கூட்டிக்கொண்டு போவியோ?"

சின்னவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெட்டிய தலை, மின்னும் காலணி. "பயமெண்டால் என்ரை கையைப் பிடி," என்றாள்.

இருவரும் படியேறினார்கள். வாசலில் அவர் ஒரு கணம் தயங்கினார். அவள் இழுத்தாள். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் வேலியடியில் நின்றோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். அவர் வெளியே வரவில்லை. அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் எப்போதோ ஆகிவிட்டது. இருவரும் அசையவில்லை. ஒரு ஜன்னலில் என் மகள் தலையை நீட்டி, உள்ளே பார் என்று கை காட்டினாள். வேலியோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தோம். வகுப்பின் கடைசி வரிசையில், முழங்கால் நாடியில் முட்ட, பிள்ளைகளின் சின்னக் கதிரை ஒன்றில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆசிரியை பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் மற்றப் பிள்ளைகளைப்போலக் கையைக் கட்டிக்கொண்டு கவனித்தார். பக்கத்தில் பேத்தி.

பிந்தி வந்த ஒரு தாய் தன் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள். எங்களுக்கு அவளை முன்பின் தெரியாது. அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, ஜன்னலைக் காட்டினார்.

"அங்கை பாருங்கோ," என்றார். தெரு முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னார்: "என்ரை அப்பா. பள்ளிக்கூடத்துக்குள்ளை இருக்கிறார்."